ஆர்.வி. பயணத்தில் குடிநீர்: எவ்வளவு நிரப்புவது, எங்கே நிரப்புவது, எப்படிக் காப்பது

அமெரிக்காவில் ஆர்.வி. (படுக்கை, சமையலறை, கழிப்பறை கொண்ட பயண வண்டி) வாங்கியவர்களும் வாடகைக்கு எடுத்தவர்களும் முதல் நெடும்பயணத்துக்கு முந்தைய நாள் ஒரு கேள்வியில் வந்து நிற்கிறார்கள். நன்னீர்த் தொட்டியை வீட்டிலேயே நிரப்பிக்கொண்டு கிளம்புவதா, வெறுந்தொட்டியுடன் ஓட்டிச் சென்று தங்குமிடத்தில் நிரப்பிக்கொள்வதா? பழகியவர்களிடம் கேட்டால் இரு பக்கமும் உறுதியான பதில் வரும். எப்போதும் நிரப்பியே போக வேண்டும் என்பார் ஒருவர். ஒரு சொட்டுகூட ஏற்றக் கூடாது என்பார் இன்னொருவர். இரண்டுமே எல்லாப் பயணங்களுக்கும் பொருந்துவதில்லை. போகிற இடத்தில் குழாய் இணைப்பு உண்டா, அதற்கு முன் நம்பத்தக்க குடிநீர் கடைசியாகக் கிடைக்கும் இடம் எது, வண்டி இன்னும் எவ்வளவு எடை தாங்கும் ஆகிய மூன்றையும் தெரிந்துகொண்டு, ஒவ்வொரு பயணத்துக்கும் தனியாகக் கணக்குப் போட்டே தண்ணீர் ஏற்ற வேண்டும்.

முதலில் எடை

ஓர் அமெரிக்க கேலன் என்பது 3.785 லிட்டர். அதன் எடை ஏறக்குறைய 8.3 பவுண்டு. வேறொரு வண்டி இழுத்துச் செல்லும் நடுத்தர டிரெய்லரில் இருக்கும் 40 கேலன் தொட்டி நிரம்பினால் 333 பவுண்டு, அதாவது சுமார் 151 கிலோ, வண்டியின் அடியில் ஏறி உட்கார்ந்துகொள்கிறது. பிக்கப் டிரக்கின் தளத்தில் மாட்டி இழுக்கும் பெரிய ஃபிஃப்த் வீல் வண்டிகளில் 100 கேலன் தொட்டிகளும் உண்டு. அவை நிரம்பினால் 378 கிலோ. இது போக, வெந்நீர்க் கொதிகலனில் 6 அல்லது 10 கேலன் எப்போதும் நிற்கும். நன்னீர்த் தொட்டியைக் காலி செய்துவிட்டதாக நினைப்பவர்கள் பலரும் இந்தக் கொதிகலன் நீரைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

வண்டியின் வாசலை ஒட்டி ஒட்டப்பட்டிருக்கும் லேபிளில், ஏற்றத்தக்க சரக்கின் உச்ச எடை பவுண்டிலும் கிலோவிலும் அச்சிடப்பட்டிருக்கும். அதே லேபிளில், தொட்டி நிறைய நீர் எவ்வளவு எடைக்குச் சமம் என்ற வரியும் இருக்கும். இந்த இரண்டாவது வரிதான் முக்கியமானது. தண்ணீரும் சரக்குதான், அந்த உச்ச எடைக்குள்ளேயே அதுவும் அடங்க வேண்டும் என்பதை அது சொல்கிறது. லேபிளில் 1,100 பவுண்டு என்று இருந்து, 40 கேலன் நீரை நீங்கள் ஏற்றினால், பாத்திரம், துணி, நாற்காலி, சைக்கிள், அரிசி, பருப்பு எல்லாவற்றுக்கும் சேர்த்து மிஞ்சுவது 767 பவுண்டுதான். மோட்டார்ஹோம், அதாவது தானே ஓடும் ஆர்.வி., என்றால் நிலைமை இன்னும் இறுக்கமானது. அங்கே பயணிகளின் எடையும் இதே கணக்கில் வந்துவிடும். ஐந்து பேர் கொண்ட குடும்பம் ஒரு சிறிய மோட்டார்ஹோமில் தொட்டியையும் நிரப்பிக்கொண்டு, பெட்டிகளையும் அடுக்கிக்கொண்டு கிளம்பினால், வரம்பைத் தாண்டியிருப்பதற்கான வாய்ப்பு நிறையவே உண்டு.

காகிதக் கணக்கோடு நிறுத்திக்கொள்ளாமல் ஒருமுறை எடை போட்டுப் பார்த்துவிடுவது நல்லது. நெடுஞ்சாலைகளை ஒட்டிய டிரக் நிறுத்தங்களில் கேட் ஸ்கேல் எடைமேடைகள் இருக்கின்றன. முன் அச்சு, பின் அச்சு, டிரெய்லர் அச்சு என்று தனித்தனியே எடை காட்டும் சீட்டை அங்கே தருவார்கள். பயணத்துக்குரிய எல்லாச் சாமான்களும் ஏறிய பிறகு, தொட்டி நிறைந்த நிலையில் ஒருமுறை, காலியாக ஒருமுறை எடை போட்டுவிட்டால், அந்த இரண்டு சீட்டுகளும் பல ஆண்டுகளுக்கு உங்களுக்குப் பயன்படும்.

தொட்டி எங்கே இருக்கிறது?

எவ்வளவு எடை என்பதற்கு இணையாக, அந்த எடை எந்த இடத்தில் விழுகிறது என்பதும் டிரெய்லர் இழுப்பவர்கள் அறிந்திருக்க வேண்டியது. டிரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் வரை, இழுக்கும் வண்டியின் கொக்கியின் மீது இறங்க வேண்டும் என்பது பொதுவான விதி. அதற்குக் குறைந்தால் டிரெய்லர் பக்கவாட்டில் ஆடத் தொடங்கும். பெரிய டிரக் ஒன்று கடந்து போகும்போதோ குறுக்குக் காற்றிலோ அந்த ஆட்டம் பெருகி, ஓட்டுநரின் கட்டுப்பாட்டை மீறிவிடக் கூடும்.

ஓர் உதாரணத்தைப் பார்ப்போம். 5,000 பவுண்டு டிரெய்லரின் கொக்கி எடை 600 பவுண்டு என்று வைத்துக்கொள்வோம். அது 12 சதவீதம், பாதுகாப்பான அளவு. நன்னீர்த் தொட்டி அச்சுக்கு 5 அடி பின்னால் இருக்கிறது. கொக்கியோ அச்சுக்கு 15 அடி முன்னால் இருக்கிறது. 36 கேலன், அதாவது 300 பவுண்டு நீரை நிரப்பினால், அது நெம்புகோல் போலப் பின்பக்கத்தை அழுத்திக் கொக்கியிலிருந்து 100 பவுண்டைத் தூக்கிவிடும். இப்போது மொத்த எடை 5,300 பவுண்டு, கொக்கி எடை 500 பவுண்டு, விகிதம் 9.4 சதவீதமாகச் சரிந்துவிட்டது. அதே தொட்டி அச்சுக்கு முன்னால் இருந்திருந்தால் நேர்மாறாகக் கொக்கி எடை கூடியிருக்கும்; அப்போது இழுக்கும் வண்டியின் தாங்குதிறனைப் பார்க்க வேண்டியிருக்கும். அச்சுக்கு நேர் மேலே தொட்டி அமைந்த டிரெய்லர்களில் இந்தச் சிக்கல் மிகக் குறைவு. ஆகவே, வண்டியை வாங்கும்போதே தொட்டி எந்த இடத்தில் இருக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். அது பின்னால் இருக்கும் வண்டியில் நிறைந்த தொட்டியோடு செல்ல நேர்ந்தால், கனமான சாமான்களை முன்பக்கப் பெட்டிக்கு மாற்றிவிட்டுக் கொக்கி எடையை மறுபடி அளந்த பிறகே நெடுஞ்சாலை ஏற வேண்டும்.

பாதி நிரம்பிய தொட்டி முழுத் தொட்டியைவிட ஆபத்தானது என்றும் ஒரு பேச்சு உண்டு. குறைகுடம் கூத்தாடும் என்பது உண்மைதான். இந்தத் தொட்டிகளில் பெரும்பாலானவற்றின் உள்ளே அலையைத் தடுக்கும் தடுப்புகள் கிடையாது, பிரேக் பிடிக்கும்போது நீர் முன்னே பாய்வதைச் சில வண்டிகளில் காதால் கேட்கவும் முடியும். ஆனால் 20 கேலன் நீரின் 167 பவுண்டு எடை, பல ஆயிரம் பவுண்டு வண்டியை நிலைகுலையச் செய்யும் அளவு பெரியதல்ல. தளும்பும் என்பதற்காகத் தேவையில்லாமல் தொட்டியை நிரப்பிக்கொண்டு போவதில் பொருளில்லை என்பதே என் எண்ணம்.

தொட்டியைத் தாங்கும் அமைப்பையும் குனிந்து ஒருமுறை பார்த்துவிட வேண்டும். பாலிஎத்திலீன் தொட்டி, இரும்புப் பட்டைகளின் மீதோ கோண இரும்புச் சட்டத்தின் மீதோ உட்கார்ந்திருக்கும். பட்டையின் விளிம்பில் துருப்பொடி தெரிகிறதா, போல்ட் தலையைச் சுற்றிப் பளபளப்பான தேய்மான வளையம் விழுந்திருக்கிறதா, நிறைந்த தொட்டியின் நடுப்பகுதி தொப்பை போல் கீழே இறங்கி நிற்கிறதா என்று டார்ச் விளக்கு அடித்துப் பாருங்கள். அடிப்பாகம் பிளாஸ்டிக் தகட்டால் மூடப்பட்ட வண்டிகளில் தொட்டி கண்ணுக்குத் தெரியாது. அங்கே அந்தத் தகடு தொங்கி நிற்பதே முதல் எச்சரிக்கை. நிறைந்த தொட்டியோடு ஓட்டக் கூடாது என்று தயாரிப்பாளரின் கையேடு சொல்லுமானால், யார் என்ன சொன்னாலும் அந்தக் கையேட்டின்படியே நடக்க வேண்டும்.

எவ்வளவு நிரப்புவது?

நீர், மின்சாரம், கழிவுநீர் மூன்றுக்கும் இணைப்பு உள்ள முகாமுக்கு நேராகச் செல்கிறீர்கள் என்றால், தொட்டியில் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை போதும். முற்றிலும் காலியாகப் போவதை நான் பரிந்துரைப்பதில்லை. வழியில் கழிப்பறைக்கும் கை கழுவவும் நீர் வேண்டும். வண்டி பழுதாகி ஓர் இரவை வழியிலேயே கழிக்க நேரிடலாம். போய்ச் சேர்ந்த முகாமில் குழாய் உடைந்திருக்கலாம், அல்லது நீரைக் காய்ச்சியே குடிக்க வேண்டும் என்ற அறிவிப்பு தொங்கலாம். பத்து கேலன் என்பது 83 பவுண்டுதான். அந்த எடைக்கு அது தரும் நிம்மதி பெரிது.

இணைப்பு இல்லாத இடத்துக்குச் செல்வது வேறு கணக்கு. கலிஃபோர்னியாவின் ஜோஷுவா ட்ரீ தேசியப் பூங்காவை எடுத்துக்கொள்வோம். அந்தப் பூங்காவின் முகாம்களில் பிளாக் ராக், காட்டன்வுட் ஆகிய இரண்டில் மட்டுமே குடிநீர்க் குழாய்கள் உள்ளன. பெரும்பாறைகளுக்கு நடுவே அமைந்த ஜம்போ ராக்ஸ் போன்ற மற்ற முகாம்களில் ஒரு குழாய்கூடக் கிடையாது. லாஸ் ஏஞ்சலிஸிலிருந்து அங்கே போகிற ஒருவர் வீட்டிலேயே 40 கேலனை நிரப்பிக்கொண்டு, நூறு மைலுக்கு மேல் நெரிசலான நெடுஞ்சாலையிலும் ஏற்றங்களிலும் அந்த எடையை இழுக்க வேண்டிய அவசியமே இல்லை. கால் தொட்டியோடு கிளம்பி, தெற்கு வாசல் வழியாக நுழைந்து, காட்டன்வுட்டில் நிரப்பிக்கொண்டால், ஜம்போ ராக்ஸுக்கு முப்பது மைலுக்குச் சற்றுக் கூடுதலான தூரம்தான் மிச்சம். பின்டோ பள்ளத்தாக்கில் இறங்கி மறுபடி ஏறும் அந்தச் சாலையில் எப்படியும் மெதுவாகத்தான் போக வேண்டும். திரும்பும்போது அதே காட்டன்வுட்டில் கழிவுநீரைக் கொட்டிவிட்டும் வரலாம். யூட்டாவின் கேன்யன்லேண்ட்ஸ் பூங்காவிலுள்ள வில்லோ ஃப்ளாட் முகாமிலும் நீர் கிடையாது. அங்கே போகிறவர்கள் மோவாப் ஊரில் நிரப்பிக்கொள்வது வழக்கம். போகும் இடத்துக்கு மிக அருகில் உள்ள நம்பகமான குழாயைத் தேடிக் கண்டுபிடித்து அங்கே நிரப்புவதுதான் இந்தக் கலையின் பெரும்பகுதி. கிளம்பும் முன் பூங்காவின் இணையதளத்தையோ தொலைபேசியையோ நாடி, அந்தக் குழாய் அந்த வாரம் வேலை செய்கிறதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். பழுதுபார்ப்புக்காகவும் குளிர்காலத்திலும் அவற்றை மூடிவைப்பது உண்டு.

அடுத்தது, ஒரு நாளைக்கு எவ்வளவு வேண்டும் என்பது. ஜோஷுவா ட்ரீ பூங்கா நிர்வாகம் ஆளுக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது ஒரு கேலன் குடிநீரும், மலையேற்றம் செய்பவர்களுக்கு இரண்டு கேலனும் வேண்டும் என்கிறது. நான்கு பேர் கொண்ட தமிழ்க் குடும்பம் ஒன்று சிக்கனமாக இருந்தாலும், குடிக்க 4 கேலன், அரிசி களைந்து சமைக்க 2, பாத்திரம் கழுவ 3, கை, முகம், பல் துலக்க 3, கழிப்பறைக்கு 4 அல்லது 5, ஒருநாள் விட்டு ஒருநாள் என்ற முறையில் தினம் இருவர் குளிக்க 5 என்று மொத்தம் 21 அல்லது 22 கேலன் ஆகிவிடும். 40 கேலன் தொட்டி இந்தக் கணக்கில் இரண்டு நாள்கூட முழுதாகத் தாங்காது. கழிப்பறையில் நீரால் கழுவிக்கொள்ளும் நம் பழக்கத்தை விட வேண்டியதில்லை. அதற்கென்று தனிக் குவளை ஒன்றை வைத்து அளவோடு பயன்படுத்தலாம், அந்த நீர் கழிப்பறைக் கழிவு சேரும் பிளாக் டேங்கில் கழிவு இறுகாமல் இருக்கவும் உதவும். சாம்பார், எண்ணெய் ஒட்டிய தட்டுகளைக் காகிதத் துவாலையால் துடைத்துவிட்டுக் கழுவினால் பாத்திரக் கணக்கில் பாதி குறைந்துவிடும். கழுவிய நீர் சேரும் கிரே டேங்கும் நாறாது. அரிசி களைந்த நீரைக் குக்கரின் முதல் அலசலுக்கு வைத்துக்கொள்ளலாம். குளிக்கும்போது நனைந்ததும் குழாயை நிறுத்தி, சோப்பு தேய்த்த பின் மறுபடி திறந்தால் ஒருவருக்கு இரண்டு முதல் மூன்று கேலனில் முடியும்.

குளித்த நீரும் கழுவிய நீரும் சேரும் கிரே டேங்கின் கொள்ளளவையும் இங்கேயே பார்த்துவிட வேண்டும். நால்வரும் தினம் குளித்தால் 30 கேலன் கிரே டேங்க் இரண்டு நாள் முடியும் முன்னரே நிரம்பிவிடும். அதன் பிறகு நன்னீர் எவ்வளவு இருந்தாலும் பயன்படுத்த வழியில்லை. பூங்காக்களில் அதைத் தரையில் திறந்துவிடுவது சட்டப்படி குற்றம்.

குடிக்கும் நீரை மட்டும் தனியே கேன்களில் கொண்டுபோவதை நான் எல்லோருக்கும் சொல்வேன். முந்தைய பயணியர் தொட்டியை எப்படி வைத்திருந்தார்கள் என்று தெரியாத வாடகை வண்டி என்றால் அது கட்டாயம். கடைகளில் கிடைக்கும் 5 கேலன், 7 கேலன் கேன்களை இழுக்கும் வண்டியின் பின்பகுதியில் பட்டையால் இறுக்கிக் கட்டிவைக்கலாம். ஆனால் 7 கேலன் கேன் நிறைந்தால் 58 பவுண்டு. வயதானவர்களோ முதுகுவலி உள்ளவர்களோ தூக்குவதாக இருந்தால் சிறிய கேன்களே நல்லது.

நிரப்பும் முறை

குடிநீருக்கென்று தனி ஹோஸ் வேண்டும். அது பெரும்பாலும் வெள்ளை அல்லது நீல நிறத்தில் இருக்கும். குடிநீருக்கு ஏற்றது என்ற குறிப்போடு என்.எஸ்.எஃப். 61 தரச் சான்றும் அதில் அச்சாகியிருக்கிறதா என்று பாருங்கள். தோட்டத்து ஹோஸ்களின் பித்தளை முனையிலும் குழாயிலும் ஈயம் இருக்கக் கூடும். வெயிலில் சூடான ஹோஸிலிருந்து வரும் நீரின் பிளாஸ்டிக் வாடை எளிதில் போகாது. கழிவுநீர் கொட்டும் இடத்தில் ஏற்கெனவே மாட்டியிருக்கும் ஹோஸை எந்த அவசரத்திலும் தொடக் கூடாது. அது கழிவுக் குழாயைக் கழுவுவதற்கானது. அதன் அருகே குடிக்கத் தகாத நீர் என்ற பலகையும் இருக்கும். பல முகாம்களில் குடிநீர்க் குழாயும் அந்தக் குழாயும் சில அடி தூரத்தில்தான் இருக்கின்றன. ஆகவே முதலில் நன்னீரை நிரப்பிவிட்டு, ஹோஸைச் சுருட்டிப் பெட்டியில் வைத்த பிறகே கையுறை அணிந்து கழிவுநீர் வேலைக்குப் போக வேண்டும்.

குழாயின் மறையை நீர்த்த பிளீச் தோய்த்த துணியால் துடைத்துவிட்டு, ஒரு நிமிடம் நீரை ஓடவிட்டு, நிறமும் வாடையும் சரியாக இருக்கின்றனவா என்று கவனியுங்கள். பிறகு ஹோஸின் முனையைத் தரையில் படாமல் பிடித்து, வண்டியின் பக்கவாட்டிலுள்ள நிரப்புவாயில் நுழைக்க வேண்டும். குழாயை முழு வேகத்தில் திறந்தால், உள்ளே இருக்கும் காற்று வெளியேற வழியின்றி, சில நொடிகளில் வாய் ஒருமுறை குமுறிக் கொண்டு நீரை உங்கள் சட்டையின் மீதே திருப்பித் துப்பும். நிரப்புவாய்க்கு மேலேயோ பக்கத்திலோ விரல் நுனி அளவுக்கு ஒரு சிறிய காற்றுத் துளை இருக்கும். அதன் வழியே காற்று சீறிக்கொண்டு வெளியேறும் ஓசை சீராகக் கேட்கும்படி குழாயைப் பாதியளவு திறப்பதே சரியான வேகம். நிரம்பும் நேரத்தில் அந்தச் சீறல் தடித்துக் கொப்பளிப்பாக மாறும். துளையில் நீர் எட்டிப் பார்த்ததும் நிறுத்திவிடலாம். சுவரில் எரியும் மூன்றில் ஒன்று, மூன்றில் இரண்டு, முழுமை என்ற விளக்குகளை மட்டும் நம்ப வேண்டாம். அவற்றுக்கு இடைப்பட்ட அளவை அவை காட்டாது.

நகர நீர் இணைப்பு என்பது வேறு வாய். அது தொட்டிக்குள் போகாமல் நேராக வண்டியின் குழாய்களுக்குள் செல்லும். அங்கே மாட்டும்போது அழுத்தக் கட்டுப்பாட்டுக் கருவி கட்டாயம் வேண்டும். ஆர்.வி.யின் குழாய்களுக்கு 40 முதல் 60 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு) வரை அழுத்தம் ஏற்றது. சில முகாம்களில் அழுத்தம் 80 பிஎஸ்ஐயைத் தாண்டும். அந்தக் கருவியை வண்டியின் பக்கம் மாட்டாமல் முகாமின் குழாயில் மாட்டினால் ஹோஸும் பாதுகாக்கப்படும்.

வடிகட்டியைப் பற்றிப் பலரும் யோசிக்காத ஒன்று உண்டு. ஊராட்சிக் குடிநீரில் இருக்கும் குளோரின்தான் தொட்டிக்குள் கிருமிகள் பெருகாமல் காக்கிறது. தொட்டியை நிரப்பும்போதே கார்பன் வடிகட்டி வழியாக விட்டால், அந்தக் குளோரினை நாமே நீக்கிவிட்டு, பாதுகாப்பற்ற நீரை வெயிலில் நாள்கணக்கில் வைத்திருக்கிறோம் என்றாகும். மண்ணையும் துருவையும் தடுக்கும் 5 மைக்ரான் வடிகட்டியை நிரப்பும் ஹோஸிலும், சுவைக்கான கார்பன் வடிகட்டியைச் சமையலறைக் குழாயிலும் வைப்பதே முறை. அங்கே குளோரின் வாடை குடிக்கும் கணத்தில்தான் நீங்கும்.

தொட்டியைக் கிருமிநீக்கம் செய்தல்

ஆண்டின் முதல் பயணத்துக்கு முன்னும், பழைய வண்டி வாங்கியதும், நீர் வாரக்கணக்கில் தேங்கி நின்ற பிறகும், நீரில் வாடை தெரிந்தாலும் இதைச் செய்ய வேண்டும். வாசனையோ கெட்டிப்படுத்தும் பொருளோ சேர்க்காத சாதாரண பிளீச் வாங்குங்கள். 15 கேலன் கொள்ளளவுக்குக் கால் கப், அதாவது சுமார் 60 மில்லிலிட்டர் என்பது வழக்கமான அளவு. 40 கேலன் தொட்டிக்கு 160 மில்லிலிட்டர். 5 முதல் 6 சதவீத பிளீச்சில் இது மில்லியனுக்கு 50 பங்கைச் சற்றுத் தாண்டும் செறிவைத் தரும். இப்போது கடைகளில் கிடைக்கும் செறிவு கூடிய வகைகளில் இந்த அளவைச் சற்றுக் குறைக்கலாம்.

முதலில் வெந்நீர்க் கொதிகலனை அணைத்து ஆறவிட்டு, எல்லா வடிகட்டிகளையும் கழற்றிவிடுங்கள். பிளீச்சை நேரடியாக ஊற்றாமல் ஒரு வாளி நீரில் கலந்து தொட்டிக்குள் ஊற்றி, மீதியை நல்ல நீரால் நிரப்புங்கள். பம்பை இயக்கி, ஒவ்வொரு குழாயையும், வெந்நீர்ப் பக்கமும் குளிர்நீர்ப் பக்கமும், வண்டிக்கு வெளியே உள்ள குளியல் குழாய் உட்பட, பிளீச் வாடை வரும்வரை திறந்து மூட வேண்டும். வெளிக்குழாயைத்தான் பெரும்பாலும் மறந்துவிடுகிறார்கள். நான்கு மணி நேரம் அப்படியே விட்டு, முழுவதும் வடித்து, நல்ல நீரால் நிரப்பி, வாடை போகும்வரை மறுபடி வடியுங்கள். பிளாஸ்டிக் வாடையைப் போக்க வினிகர் பயன்படுத்துவோர் உண்டு. பிளீச் இருக்கும் தொட்டியில் வினிகரைச் சேர்த்தால் நச்சான குளோரின் வாயு உண்டாகும் என்பதால் இரண்டையும் ஒருநாளும் சேர்க்கக் கூடாது.

கொதிகலனை வடித்த பிறகு மின்சார வெப்பக் கம்பியை உடனே போட்டுவிடாதீர்கள். நீரில்லாத கொதிகலனில் அந்தக் கம்பி சில நொடிகளில் கருகிவிடும். வெந்நீர்க் குழாயைத் திறந்து, காற்றுச் சீறல் அடங்கி நீர் சீராக விழுவதைக் கண்ட பிறகே விசையைப் போட வேண்டும்.

சாலையில்

ஓட்டுவதற்கு முன் நீர் பம்பை அணைத்தே ஆக வேண்டும். குலுங்கலில் ஒரு குழாய் திறந்துகொண்டாலோ இணைப்பு ஒன்று தளர்ந்தாலோ, பம்பு ஓடிக்கொண்டிருந்தால் தொட்டியிலுள்ள முழு நீரும் தரைக்குள் இறங்கிவிடும். அது நிகழும்போது நீங்கள் இழுக்கும் வண்டியில் இருப்பீர்கள், தெரியவே தெரியாது. பம்பை அணைத்ததும் ஒரு குழாயைத் திறந்து மீதி அழுத்தத்தை விடுவித்து, மறுபடி மூடுங்கள்.

முழுக்க நிரப்பிய தொட்டி, போய்ச் சேரும்போது குறைந்திருப்பதைப் பலர் கசிவு என்று நினைத்துக் கவலைப்படுகிறார்கள். வளைவுகளிலும் ஏற்றங்களிலும் நீர் நிரம்பி வழியும் குழாய்க்குள் ஏறி, பிறகு தானாகவே உறிஞ்சி வெளியேறத் தொடங்குவதே பல நேரங்களில் காரணம். ஓரிரு கேலன் குறைவாக நிரப்பினால் இது பெரும்பாலும் நின்றுவிடும்; நிற்காவிட்டால் அந்தக் குழாயில் ஒரு சிறிய அடைப்பானைப் பொருத்தி ஓடும்போது மட்டும் மூடலாம், நிரப்பும்போதும் பம்பு ஓடும்போதும் அது திறந்திருக்க வேண்டும்.

டயர் அழுத்தத்தைக் குளிர்ந்த நிலையில் பார்த்துக்கொள்ளுங்கள். கலிஃபோர்னியாவில் டிரெய்லர் இழுக்கும் வண்டிகளுக்கு வேக வரம்பு மணிக்கு 55 மைல்; நிறைந்த தொட்டியோடு போகிறவர்களுக்கு அது எந்த மாநிலத்திலும் நல்ல வேகம். இறக்கங்களில் பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்காமல், இறக்கம் தொடங்கும் முன்பே கியரைக் குறைத்துவிடுங்கள். வீடு திரும்பும்போது கழிவுநீரைக் கொட்டுவதோடு, மிஞ்சிய நன்னீரையும் அனுமதி உள்ள இடத்தில் வடித்துவிட்டால் அந்த எடை மிச்சமாகும்.

குளிர்காலம்

உறைநிலைக்குக் கீழே போகும் இடங்களில், வண்டி நிற்கும்போது பாதுகாப்பாக இருந்த குழாய்கூட ஓடும்போது அடியில் வீசும் காற்றால் உறைந்துவிடலாம். 12 வோல்ட் வெப்பப் பட்டைகள் ஒட்டிய தொட்டி இருந்தாலும், குழாய்களுக்கு அந்தப் பாதுகாப்பு இருக்காது. அப்படிப்பட்ட நாள்களில் தொட்டியை வெறுமையாக்கி, குடிநீரைக் கேன்களில் வண்டியின் உள்ளே வைத்துக்கொண்டு போவதே உசிதம்.

வண்டியைக் குளிர்காலம் முழுவதும் நிறுத்திவைப்பதாக இருந்தால், தொட்டி, கொதிகலன், தாழ்நிலை வடிகுழாய்கள் எல்லாவற்றையும் வடித்து, கொதிகலனை மாற்றுவழி (பைபாஸ்) வால்வால் தனிமைப்படுத்திய பின், ஆர்.வி.க்கென்று விற்கப்படும் இளஞ்சிவப்பு நிற உறைதடுப்பு நீரைப் பம்பு வழியாகக் குழாய்களுக்குள் செலுத்துங்கள். பெரும்பாலான வண்டிகளுக்கு இரண்டு அல்லது மூன்று கேலன் போதும். அது புரோப்பிலீன் கிளைகால் வகையா என்று லேபிளில் பார்த்து வாங்க வேண்டும்; கார் ரேடியேட்டருக்கு ஊற்றும் எத்திலீன் கிளைகால் கொடிய நஞ்சு, குடிநீர்க் குழாயில் அது ஒருபோதும் நுழையக் கூடாது. வசந்தத்தில் இளஞ்சிவப்பு நிறம் மறையும்வரை எல்லாக் குழாய்களையும் அலசி, மாற்றுவழி வால்வைப் பழைய நிலைக்குத் திருப்பி, மேலே சொன்ன பிளீச் முறையை ஒருமுறை செய்த பிறகு தொட்டியில் குடிநீரை நிரப்பலாம்.